ஒரு கொடிவழி, ஒரு கண்டம்

கி.பி. 862 வாக்கில், மேற்கு பிராங்கிய நாட்டை ஆண்ட வழுக்கைச் சார்லஸின் மகள் ஜூடித், தகப்பனார் போட்டிருந்த காவலை மீறி பால்ட்வின் என்ற பிரபுவுடன் புறப்பட்டுப் போனார். அப்போது அவருக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். அதற்குள் இரண்டு முறை விதவையாகியிருந்தார். முதல் கணவர் இங்கிலாந்தின் வெசெக்ஸ் அரசர் எத்தல்வுல்ஃப். அவர் இறந்ததும் அவருடைய மகனையே மணக்க நேர்ந்தது. அந்த மகனும் 860-இல் இறந்தார். ஊர் திரும்பிய பெண்ணைப் பத்திரமாக வைத்திருந்து தமக்குத் தோதான இடத்தில் மறுபடி கட்டிக்கொடுக்க நினைத்திருந்த அரசர், கோபத்தில் இருவரையும் பிஷப்புகளைக் கொண்டு திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். விஷயம் ரோமாபுரிக்குப் போயிற்று. போப் முதலாம் நிக்கோலஸ் சமாதானம் பேச, அரசர் இறங்கி வந்தார். கல்யாணத்தை ஒப்புக்கொண்டு மருமகனுக்கு வடகடல் ஓரத்து ஃபிளாண்டர்ஸ் பகுதியின் பொறுப்பையும் கொடுத்தார். வம்சாவளி ஆய்வாளர்கள் இந்தக் கல்யாணத்தை இன்றும் விடாமல் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், ஜூடித் பேரரசர் சார்லமேனின் கொள்ளுப்பேத்தி. கி.பி. 800 கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் முடிசூடி, 814-இல் ஆஹன் நகரில் இறந்த அந்தப் பேரரசரிலிருந்து இன்றைய மனிதர்கள் வரை ஏடுகளின் துணையோடு இறங்கி வரும் பாதைகளில் மிக உறுதியானவற்றுள் ஒன்று, இந்தப் பெண்ணின் வழியாகத்தான் போகிறது.

அந்தப் பாதையைக் கொஞ்சம் தொடர்ந்து பார்க்கலாம். ஜூடித்தின் மகன் இரண்டாம் பால்ட்வின். அவருக்குப் பின் ஐந்து தலைமுறை ஃபிளாண்டர்ஸ் பிரபுக்கள்: முதலாம் ஆர்னுல்ஃப், மூன்றாம் பால்ட்வின், இரண்டாம் ஆர்னுல்ஃப், நான்காம் பால்ட்வின், ஐந்தாம் பால்ட்வின். கடைசியவரின் மகள் மடில்டா. அவரை மணந்த நார்மண்டி வில்லியம்தான் 1066-இல் இங்கிலாந்தை வென்றவர். அவர்கள் மகன் முதலாம் ஹென்றி, அவர் மகள் இன்னொரு மடில்டா, அவர் மகன் இரண்டாம் ஹென்றி, பிறகு மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரையிட்ட ஜான், மூன்றாம் ஹென்றி, முதலாம், இரண்டாம், மூன்றாம் எட்வர்டுகள். சார்லமேனிலிருந்து 1312-இல் பிறந்த மூன்றாம் எட்வர்ட் வரை பதினெட்டுப் படிகள். இவற்றில் மூன்று இடங்களில் கொடி பெண்களின் வழியாகக் கடக்கிறது. மகன் வழியை மட்டுமே வம்சம் என்று எண்ணுகிறவர் ஜூடித்திடமே நின்றுவிட வேண்டியதுதான். மகள்களையும் சேர்த்து எண்ணுகிறவருக்கோ, மூன்றாம் எட்வர்ட் வரை ஏறிவிட்டால் போதும், சார்லமேன் தாமாக வந்து சேர்கிறார்.

எட்வர்டை எட்டுகிறவர்கள் எல்லாரும் மாளிகைவாசிகளும் அல்ல. லண்டனின் கிழக்குப் பகுதியில் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்த நடிகர் டேனி டயரின் முன்னோரை பி.பி.சி. 2016-இல் தேடிப் பார்த்தபோது, கோடு மூன்றாம் எட்வர்டிடம் போய் நின்றது. அது சென்ற வழியும் கவனிக்க வேண்டியது. இடையில் வருபவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல். அவர் அரச குலத்தவர் அல்ல. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து மேலே வந்தவர். அவருடைய மகன் கிரெகரி, ராணி ஜேன் சீமோரின் தங்கை எலிசபெத்தை மணந்தார். அந்த மருமகளின் தாய் வழியாகத்தான் எட்வர்டின் தொடர்பு குடும்பத்துக்குள் நுழைகிறது. இப்படி ஒரு கண்டுபிடிப்பு வெளிவரும்போது கேட்பவர்கள் வியக்கிறார்கள். அந்த மனிதருக்கு வாய்த்தது அபூர்வமான பிறப்பு என்று நினைக்கிறார்கள். இந்த அத்தியாயம் மறுக்க வருவது அந்த நினைப்பைத்தான். இடைக்கால ஐரோப்பியப் பிரபு ஒருவரின் வழியில் பிறந்திருப்பது ஐரோப்பிய வம்சத்தவர் யாருக்கும் அபூர்வமானது அல்ல. அதைக் காட்டும் காகிதம் கையில் இருப்பதுதான் அபூர்வம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் குலப்பெருமை என்ற பெரிய கட்டடமே எழும்புகிறது.

எண்களிலிருந்து தொடங்கலாம். பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிகள் நால்வர், கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகள் எட்டுப் பேர். பத்துத் தலைமுறைக்கு முன்னால் 1,024 இடங்கள். இருபதில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். சார்லமேன் காலத்தைத் தொடும் நாற்பதாம் தலைமுறையில் ஏறக்குறைய 1,10,000 கோடி. அன்று உலகம் முழுவதிலும் இருந்த மக்களோ 20 முதல் 30 கோடி. ஆக, இடங்கள் அத்தனையையும் தனித்தனி ஆட்கள் நிரப்பியிருக்க முடியாது. ஒரே மனிதர் ஆயிரக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப அமர்ந்திருக்கிறார் என்பதைத் தவிர வேறு விடை கிடையாது. இதன் முற்றிய வடிவத்தை 1700-இல் பிள்ளையில்லாமல் இறந்த ஸ்பெயின் அரசர் இரண்டாம் சார்லஸிடம் பார்க்கலாம். அவருடைய தந்தை நான்காம் பிலிப், தம் சொந்தத் தங்கை மகளை மணந்தவர். அதனால் மூன்றாம் பிலிப்பும் அவர் மனைவி மார்கரெட்டும் இந்தப் பிள்ளைக்குத் தந்தைவழியில் தாத்தா பாட்டி, தாய்வழியில் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி. முந்தைய தலைமுறைகளிலும் இதே கதைதான். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு அவருடைய உட்கலப்பு அளவை 0.254 என்று கணக்கிட்டது. உடன்பிறந்த இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு அது 0.25. சாதாரணக் குடும்பங்களில் இந்த மடிப்பு இத்தனை நெருக்கத்தில் நிகழ்வதில்லை. எட்டு, பத்து, பதினைந்து தலைமுறை தள்ளி, யாருக்கும் தெரியாமல் நிகழ்கிறது. ஆனால் நிகழாமல் இருப்பதில்லை.

மடிப்பு என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மேலே போகப் போக என் கொடியும் உங்கள் கொடியும் ஒரே ஆட்களின் மேல்தான் படர்ந்தாக வேண்டும். எவ்வளவு தூரம் போனால் இரண்டும் முழுக்க ஒன்றாகும்? யேல் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் ஜோசப் சாங் 1999-இல் இதற்குக் கணித விடை தந்தார். யாரும் யாரையும் மணக்கக்கூடிய, எண்ணிக்கை மாறாத ஒரு மக்கள் கூட்டத்தை அவர் எடுத்துக்கொண்டார். அதில் எல்லாருக்கும் பொதுவான முன்னோர் ஒருவராவது கிடைப்பதற்குப் பின்னோக்கிப் போக வேண்டிய தலைமுறைகள் வியக்கும்படி குறைவு: மூன்று கோடிப் பேர் கொண்ட கூட்டத்துக்கு ஏறக்குறைய 25. இன்னும் சற்றுப் பின்னால், ஏறக்குறைய 44-ஆம் தலைமுறையில், வேறொன்று நடக்கிறது. அன்று வாழ்ந்தவர்கள் இரண்டே வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு வகையினரின் கொடி எங்கோ அறுந்துபோய், இன்று அவர்கள் வழியில் யாருமே இல்லை. மற்றவர்கள், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர், இன்றிருக்கும் ஒவ்வொருவருக்கும் முன்னோர். சிலருக்கு முன்னோர், சிலருக்கு அல்ல என்ற நடுநிலை அந்த எல்லைக்கு அப்பால் கிடையாது. தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று வைத்தால் 44 தலைமுறை என்பது 1,100 முதல் 1,320 ஆண்டுகள். சார்லமேன் அந்த இடைவெளிக்குள்தான் வாழ்ந்தார்.

இந்த முடிவு உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். சார்லமேனின் வழியில் இன்று யாராவது ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபித்துவிட்டால், அவர் அறுந்த கொடிக்காரர் அல்ல என்று ஆகிறது. அறுந்தவர் அல்ல என்றால், அவர் எல்லாருக்கும் முன்னோர். ஜூடித்தின் பிள்ளைகள் வழியாக நாம் இறங்கி வந்த அந்த ஏட்டுப் பாதை, அதை வைத்திருக்கும் குடும்பத்தை மற்றவர்களிடமிருந்து பிரித்து உயர்த்துவதற்குப் பதிலாக, மற்ற அத்தனை பேரின் உறவையும் சேர்த்தே நிரூபித்துக் கொடுத்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் பத்திரம் ஒரு கண்டத்துக்கே பத்திரமாகிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த தர்க்கம் இதுதான். மூன்றாம் எட்வர்ட் விஷயத்தில் இவ்வளவு உறுதி சொல்ல முடியாது. அவர் 22, 24 தலைமுறைக்கு முன்பு இருந்தவர், எல்லைக்கு இப்புறம் நிற்கிறார். ஆனால் வளர்ந்து ஆளான மகன்களே ஐந்து பேர் உள்ளவர், பேரப்பிள்ளைகள் நிறைந்தவர். 1377-இல் அவர் இறந்தபோது இங்கிலாந்தின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். பல நூற்றாண்டாக அந்த நாட்டில் வேர்விட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர் அவர் வழியில் வராமல் இருப்பதுதான் விளக்கம் கேட்கும் விஷயம்.

இதற்கு நியாயமான ஆட்சேபம் உடனே எழும். யாரும் யாரையும் மணக்கலாம் என்பது கணிதத்தின் சலுகை. ஐரோப்பா அப்படி இருந்ததில்லை. கிராமத்தான் பக்கத்துக் கிராமத்தில்தான் பெண் எடுத்தான். வம்சாவளித் தளங்களில் ஆர்வலர்கள் பதிந்த 8.6 கோடிப் பேரின் விவரங்களை யானிவ் எர்லிக் குழு ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவும் அதையே சொல்கிறது: 1750-க்கு முன் பெரும்பாலான தம்பதிகள் பிறந்த இடங்களுக்கு இடையே 10 கிலோமீட்டருக்கு மேல் தூரமில்லை. ஆனால் கொடி பரவும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பான்மை அல்ல, விதிவிலக்குகள். ஒரு தலைமுறையில் ஒரே ஒரு படைவீரர், ஒரு வணிகர், ஒரு கப்பல்காரர் தூர தேசத்தில் குடும்பம் அமைத்தால் போதும். அவருடைய பிள்ளைகள் பக்கத்துக் கிராமத்திலேயே மணந்தாலும், அவர் கொண்டுவந்த முன்னோர் பட்டியல் முழுவதும் அந்தக் கிராமங்களுக்குள் இறங்கிவிடுகிறது. பிரபுக்களோ எல்லாரையும்விட அதிக தூரத்தில் சம்பந்தம் செய்தவர்கள். 1051-இல் பிரெஞ்சு அரசர் முதலாம் ஹென்றிக்கு வாழ்க்கைப்பட்ட அன்னா, கீவ் நகரிலிருந்து வந்தவர். முதலாம் எட்வர்டின் மனைவி எலினோர் ஸ்பெயினின் காஸ்டில் நாட்டுப் பெண். ஒவ்வொரு மணப்பெண்ணும் ஒரு பிரதேசத்தின் முன்னோரைச் சேர்த்துக்கொண்டுதான் பயணம் செய்தார்.

தூரத்துக்குச் சொன்ன பதில் அந்தஸ்துக்குப் பொருந்துமா? பிரபு வீட்டுப் பெண் உழவனை மணக்கவில்லையே என்று கேட்கலாம். நேரடியாக மணக்கவில்லைதான். ஆனால் இங்கிலாந்தில் பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கு மட்டுமே போயின. இளைய மகனுக்குச் சிறு பண்ணை. அவருடைய இளைய மகனுக்கு ஒரு தொழிலோ பாதிரியார் வேலையோ. அவர் மகளுக்கு ஒரு வணிகர் வீடு. அந்த வணிகரின் பேத்தி கடைக்காரர் மனைவி. ஒவ்வொரு படியும் சிறியது, யாருக்கும் அவமானமாகத் தோன்றாதது. ஆறேழு படி இறங்கினால் அரண்மனையிலிருந்து பட்டறைக்கு வந்துவிடலாம். பொருளாதார வரலாற்றாளர் கிரெகரி கிளார்க் இங்கிலாந்தின் பழைய உயில்களை ஆராய்ந்து, வசதியானவர்களுக்கே பிழைத்த பிள்ளைகள் அதிகம் என்று காட்டினார். மேலே இருந்த இடங்களோ அதே அளவில் கூடவில்லை. மிஞ்சிய பிள்ளைகள் கீழே இறங்குவதைத் தவிர வழியில்லை. அந்தஸ்து என்பது கீழிருந்து ஏறுபவரைத் தடுத்தது. மேலிருந்து இறங்கிய கொடியை அது தடுக்கவே இல்லை.

கணக்கையும் வரலாற்றையும் விட்டுவிட்டு நேரடிச் சாட்சி கேட்பவருக்கு மரபணு பதில் சொல்கிறது. பீட்டர் ரால்ஃப், கிரஹாம் கூப் இருவரும் 2013-இல் ஐரோப்பாவெங்கிலும் உள்ள 2,257 பேரின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டார்கள். தாங்கள் சொந்தம் என்றே அறியாத இருவரின் டி.என்.ஏ.வில் அப்படியே ஒத்துப்போகும் நீண்ட துண்டுகளை அவர்கள் தேடினார்கள். அத்தகைய துண்டு ஒரு பொது முன்னோரிடமிருந்து இருவருக்கும் வந்தது. துண்டு நீளமாக இருந்தால் அந்த முன்னோர் அண்மைக் காலத்தவர். தலைமுறைதோறும் வெட்டுப்பட்டுக் குறுகியிருந்தால் பழையவர். பக்கத்துப் பக்கத்து நாட்டு மக்கள் இருவரை எடுத்தால், கடந்த 1,500 ஆண்டுகளுக்குள் இப்படித் தடயம் விட்ட பொது முன்னோர் இரண்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை தேறினார்கள். தடயம் விடாமல் போன முன்னோர் இவர்களைவிடப் பல மடங்கு என்பதால், கண்டத்தின் இரு கோடிகளில் இருப்பவர்களுக்கும் கடந்த 1,000 ஆண்டுக்குள் பொதுக் கொடிவழிகள் ஏராளம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். சாங்கின் கணிதம் எதிர்பார்த்தது இதைத்தான்.

அடுத்த ஆட்சேபம் ஏட்டை நம்புபவர்களிடமிருந்து வரும். பொதுவான முன்னோர் இருக்கட்டும், எங்களுடையது பெயர் பெயராக நிரூபிக்கப்பட்ட வழியல்லவா என்பார்கள். அந்த நிரூபணம் எவ்வளவு உறுதியானது என்பதைச் சோதிக்க ஓர் அரிய வாய்ப்பு 2012-இல் கிடைத்தது. 1485-இல் பாஸ்வொர்த் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு, லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் தோண்டியெடுக்கப்பட்டது. டூரி கிங் தலைமையிலான குழு அதன் டி.என்.ஏ.வைப் படித்து 2014-இல் வெளியிட்டது. தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., ரிச்சர்டின் அக்காவின் பெண்வழியில் வந்த இருவரோடு ஒத்துப்போயிற்று. ஒருவரிடம் முழுமையாக, இன்னொருவரிடம் ஒரே ஓர் எழுத்து வேறுபாட்டோடு. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம்தான் ஒத்துப்போகவில்லை. ரிச்சர்டும் மூன்றாம் எட்வர்டின் ஆண்வழி. 1803-இல் இறந்த ஐந்தாம் போஃபோர்ட் கோமகனும் எட்வர்டின் ஆண்வழி. இருவருக்கும் இடையே ஏடு காட்டுவது 19 கண்ணிகள். அந்தக் கோமகனின் ஆண்வழியில் வந்த ஐந்து பேரைச் சோதித்ததில் ஒருவர்கூட ரிச்சர்டோடு பொருந்தவில்லை. நால்வர் தங்களுக்குள் பொருந்தினார்கள். ஐந்தாமவர் அவர்களோடும் பொருந்தவில்லை. அதாவது 19 கண்ணிகளில் எங்கோ ஒரு தந்தை ஏட்டில் இருப்பவர் அல்ல. இன்னொரு முறிவு அதற்குப் பிந்தைய காலத்தில். ஐரோப்பாவிலேயே மிகக் கவனமாகக் காக்கப்பட்ட வம்ச ஏடு இது.

இதில் யாரையும் பழிக்க ஒன்றுமில்லை. இது எண்களின் இயல்பு. பெல்ஜியத்து மார்டன் லார்முசோ குழு, பழைய வம்சாவளிகளையும் ஒய் குரோமோசோமையும் ஒப்பிட்டு, ஏட்டுத் தந்தை வேறு, பிறப்புத் தந்தை வேறு என்ற நிலை தலைமுறைக்கு நூறில் ஒன்று அல்லது சற்று மேல் என்று கண்டது. மிகக் குறைவுதான். ஆனால் நூறில் ஒன்று என்றே வைத்தாலும், தந்தை மகன் என்று 40 கண்ணிகள் கொண்ட சங்கிலி எங்கும் அறாமல் இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டே பங்கு. ஆக, ஒரு குறிப்பிட்ட ஒற்றைக் கோட்டை நம்புகிறவர் பலவீனமான இடத்தில் நிற்கிறார். சார்லமேன் எல்லாருக்கும் முன்னோர் என்ற பொதுமுடிவோ பல்லாயிரம் கோடுகளின் மேல் நிற்கிறது. அவற்றில் மூன்றில் ஒன்று அறுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

ரத்தத்தில் ஏதாவது வந்திருக்காதா என்ற ஆசை கடைசியாக மிஞ்சும். அதையும் பார்த்துவிடலாம். டி.என்.ஏ. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகப் பிரிந்து, சில இடங்களில் மட்டும் வெட்டி ஒட்டப்பட்டுக் கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வெட்டுகள் சராசரியாக முப்பதைச் சற்றே தாண்டும். அதனால் துண்டுகளின் எண்ணிக்கை மெதுவாகத்தான் கூடுகிறது. முன்னோர் இடங்களோ இரட்டித்துக்கொண்டே போகின்றன. பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள், துண்டுகள் ஏறக்குறைய 640. எனவே அந்த முன்னோரில் பாதிப் பேருக்கு மேல் உங்களுக்கு மரபணுவாக எதையுமே தரவில்லை. பதினைந்தாம் தலைமுறையில் 32,768 இடங்களுக்கு ஆயிரத்துக்கும் குறைவான துண்டுகள். இருபத்திரண்டில், எட்வர்டின் காலத்தில், 42 லட்சம் இடங்களுக்கு ஏறக்குறைய 1,400. அவரிடம் போகும் ஒரே ஒரு வழி மட்டும் உங்களுக்கு இருந்தால், அவருடைய துண்டு ஒன்று உங்களிடம் இருக்கும் வாய்ப்பு சுமார் மூவாயிரத்தில் ஒன்று. சார்லமேனின் ரத்தம் என்று பேசுவதற்கு உயிரியலில் இடமில்லை. எச்சிலை வாங்கிச் சோதித்து அரச வம்சம் என்று சான்றிதழ் தருவதாகச் சொல்பவர்கள், எல்லாருக்கும் பொதுவான ஒன்றை ஒருவருக்கு மட்டும் விற்கிறார்கள்.

அப்படியென்றால் பிரபுக்களுக்கு மட்டும் ஏடு இருப்பது ஏன்? அவர்களுக்கு அது தேவைப்பட்டது. நிலமும் பட்டமும் பிறப்பைக் காட்டிக் கோரப்பட்டன. திருச்சபை ஏழு படி உறவுக்குள் மணமுடிப்பதைத் தடுத்திருந்தது. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதை நான்காகக் குறைத்தது. சம்பந்தம் பேசவும், வேண்டாத மணத்தை ரத்து செய்யவும் யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்திருக்க வேண்டும். தேவை இருந்த இடத்தில் போலியும் வந்தது. 1942-இல் இறந்த குஸ்டாவ் அன்ஜூ, வசதியான அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளிகளைத் தயாரித்து விற்றவர். அவற்றின் துண்டுகள் இன்றும் குடும்ப மரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாதாரண மக்களின் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் இங்கிலாந்தில் ஊர்தோறும் எழுதப்படத் தொடங்கியது 1538-இல்தான். அந்த உத்தரவைப் போட்டவர் நாம் மேலே பார்த்த தாமஸ் க்ராம்வெல். அதற்கு முந்தைய உழவர் குடும்பங்கள் ஏட்டில் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. பண்ணையடிமை தன் மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். பண்ணை நீதிமன்றச் சுருள்களில் அது தகப்பன் பெயரோடு பதிவாகியிருக்கிறது. எட்வர்டைத் தேடிக் கண்டுபிடித்தவரின் 42 லட்சம் இடங்களில் பெரும்பாலானவற்றை நிரப்பியவர்கள் அப்படிக் கட்டணம் கட்டியவர்கள். வம்சாவளித் தேடலில் இறங்குகிறவர்கள் அந்தச் சுருள்களுக்கும் போக வேண்டும். அங்கே யாரும் கிரீடத்தோடு கிடைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கிராமத்தில் யார் யாரோடு சம்பந்தம் செய்தார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து மருமகன் வந்தார், கொள்ளைநோய் வந்த 1348-க்குப் பிறகு எந்தக் குடும்பங்களின் பெயர்கள் மறுபடி தோன்றவே இல்லை என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது.